சதவீதத்தை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா?

கடிதம் எழுதியிருப்பவர் ஒரு கல்லூரி ஆசிரியை. வகுப்பறையில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர், முழுக்க முழுக்க ஆன்லைனில் ஒரு பாடத்தை நடத்துவது இதுவே முதல் முறை. புள்ளியியல் அறிமுகம், 12 வாரம், 118 மாணவர்கள். 5 அசைன்மென்ட், ஒரு ஆன்லைன் தேர்வு, கடைசியில் தரவு அலசலோடு 2000 சொற்களில் ஒரு கட்டுரை. திருத்த உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்திருக்கிறது. 14 கட்டுரைகளில் ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு, 30 சதவீதத்துக்கு மேல். அதில் ஒரு மாணவிக்கு 64. 9 கட்டுரைகளை ஏஐ எழுதியதாக ஒரு கருவி சொல்கிறது. சாட்ஜிபிடியிடமே ஒட்டிக் கேட்டதற்கு 'ஆம், நான் எழுதியதுதான்' என்று பதில் வந்திருக்கிறது. இரண்டு மாணவர்களின் எக்செல் கோப்பில் ஒரே இடத்தில் ஒரே தவறு. ஒருவர் தேர்வு எழுதியது வேறொரு நாட்டு லாகினிலிருந்து. போதாக்குறைக்கு, 'உங்கள் மாணவர் இன்னார் எனக்குப் பணம் கொடுத்துத்தான் எழுதி வாங்கினார்' என்று பெயரில்லாத ஒரு மின்னஞ்சல்.

30க்கு மேல் வாங்கிய எல்லோருக்கும் பூஜ்யம் போட அவர் முடிவு செய்திருக்கிறார். 9 பேருக்கும் '24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் நீக்கம்' என்று மடலும் எழுதி வைத்துவிட்டார். 64 வந்த மாணவியைத் தொலைபேசியில் அழைத்துக் கடிந்துகொண்டாயிற்று. துறைத்தலைவரோ, 'அஞ்சு பத்து மார்க்கைக் குறைத்துவிட்டு முடித்துவிடுங்கள் மேடம், கமிட்டி கிமிட்டி என்று போகாதீர்கள்' என்கிறார். 'யார் சொல்வது சரி?' என்பது கேள்வி.

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மடலை அனுப்பாதீர்கள். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது போய்ச் சேர்ந்துவிட்டால் அதன்பின் விசாரணை என்று ஒன்று நடக்காது. நீக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் ஒரு தப்பும் செய்யாதவர் ஒப்புக்கொள்வார். காசு கொடுத்து எழுதி வாங்கியவர் சாவகாசமாக மறுப்பார். பிறகு ஒருவர் மேல்முறையீட்டுக்குப் போனால், கேட்பதற்கு முன்பே நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள் என்பதற்கு உங்கள் மடலே ஆதாரமாகிவிடும். நிஜமான முறைகேடும் அதோடு சேர்ந்து தள்ளுபடியாகும்.

உங்கள் பட்டியலில் இருப்பது ஐந்து வேறு வேறு சந்தேகங்கள். சொற்கள் ஒத்துப்போவது ஒன்று. ஏஐ எழுதியிருக்கலாம் என்பது இன்னொன்று. இருவர் சேர்ந்து செய்தது, ஆள்மாறாட்டம், கூலிக்கு எழுதி வாங்கியது ஆகியவை மற்ற மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேறு, விசாரிக்கும் முறை வேறு, தண்டனையும் வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் ஒரே அளவுகோல் போதும் என்று தோன்றியிருக்கிறது.

இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பாடத்தளத்தை நிர்வகிப்பவருக்கு எழுத்தில் ஒரு கோரிக்கை அனுப்புங்கள்: இந்தப் பாடத்தின் லாகின் பதிவுகள், தேர்வு முயற்சிப் பதிவுகள், சமர்ப்பித்த மூலக் கோப்புகள் எதையும் அழிக்காமல் வைக்க வேண்டும் என்று. சில நிறுவனங்களில் இந்தப் பதிவுகள் குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் தானாகவே அழிந்துவிடும். கட்டுரைகள் அப்புறமும் இருக்கும், பதிவுகள் இருக்காது. சந்தேகத்துக்கு உட்பட்டவர்களின் மதிப்பெண்ணை மட்டும் 'முடிவு நிறுத்திவைப்பு' என்று குறியுங்கள். மற்றவர்களுக்கு உரிய நாளில் முடிவை வெளியிட்டுவிடுங்கள்.

ஒப்புமை அறிக்கையை எப்படிப் படிப்பது

டர்னிட்டின் போன்ற மென்பொருள் திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை. ஒரே மாதிரி வரும் சொல்வரிசைகளைத்தான் கண்டுபிடிக்கிறது. அது திருட்டா, மேற்கோளா, எல்லோரும் எழுதும் வழக்கமான வாக்கியமா என்பதை வாசிப்பவர்தான் சொல்ல வேண்டும். '30க்கு மேல் போனால் குற்றம்' என்று எந்த மென்பொருளும் சொல்லவில்லை. இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகளில் 10, 40, 60 என்று படிநிலைகள் இருக்கின்றன. நீங்கள் நினைப்பது போன்ற எல்லைக்கோடுகள் பலருக்கும் அங்கிருந்துதான் மனதில் பதிந்திருக்கின்றன. ஆனால் அவை ஆய்வேடுகளையும் ஆய்வு வெளியீடுகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கேயும் உரிய முறையில் காட்டிய மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் கழித்துவிட்டுத்தான் கணக்கு.

அந்த 14 அறிக்கைகளையும் திரும்பத் திறந்து, முதலில் நூற்பட்டியலை நீக்குங்கள். மேற்கோள் குறிக்குள் இருப்பதையும், நீங்களே கொடுத்த வினாத்தாளின் வாசகங்களையும் நீக்குங்கள். 8 அல்லது 10 சொற்களுக்குக் குறைவான ஒப்புமைகளையும் கழியுங்கள். புள்ளியியல் கட்டுரையில் 'பூஜ்யக் கருதுகோளை நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை' என்று எழுத எத்தனை வழி இருக்கிறது? 118 பேரும் அதைத்தான் எழுதுவார்கள். இந்தச் சல்லடையிலேயே உங்கள் 14 பாதியாகக் குறைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பிறகு மொத்த எண்ணை மறந்துவிட்டு, மூலம் மூலமாகப் பாருங்கள். 40 இடங்களிலிருந்து ஆளுக்கொரு சதவீதமாகச் சேர்ந்த 40 பெரும்பாலும் வழக்கச் சொற்றொடர்கள்தான். ஒரே கட்டுரையிலிருந்து வந்த 12 அப்படியல்ல. 2000 சொல் கட்டுரையில் அது சுமார் 240 சொற்களை அப்படியே எடுத்தது. எந்த இடத்தில் ஒத்துப்போகிறது என்பதும் முக்கியம். செய்முறை விளக்கத்தில் ஒப்புமை சகஜம். முடிவுரையில், மாணவரின் சொந்த வாதம் இருக்க வேண்டிய இடத்தில் ஒப்புமை இருந்தால் அது வேறு விஷயம். மூல நூலின் பெயரைக் கொடுத்துவிட்டு மேற்கோள் குறி மட்டும் போடாதவரைத் திருடர் வரிசையில் நிறுத்தாதீர்கள். அவருக்கு மேற்கோள் காட்டத் தெரியவில்லை. அது கற்றுக்கொடுத்துத் திருத்த வேண்டிய பிழை.

குறைந்த எண் வாங்கியவர்களையும் ஒரு பார்வை பாருங்கள். அறிக்கையை ஏமாற்றத் தெரிந்தவருக்கு 30 எல்லாம் வராது. வெள்ளை எழுத்தில் மறைத்த வாசகம், ஆங்கில 'ஏ'க்குப் பதிலாக அதே தோற்றமுள்ள சிரிலிக் (ரஷ்ய மொழி) எழுத்து, பத்தியைப் படமாக ஒட்டுவது, ஒத்தசொல் மாற்றும் மென்பொருள் என்று வழிகள் பல. கடைசியாகச் சொன்னதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். எல்லோரும் அறிந்த கலைச்சொல் விசித்திரமாக உருமாறியிருக்கும். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' என்று அச்சேறிய ஆய்வுக் கட்டுரைகளை 2021இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துப் பட்டியலிட்டார்கள். உங்கள் பாடத்தில் 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' என்பதற்குப் பதில் யாராவது 'வழக்கமான விலகல் நடத்தை' என்கிற மாதிரி ஏதாவது எழுதியிருந்தால், ஒப்புமை 3 சதவீதமே ஆனாலும் நிறுத்திப் படியுங்கள்.

ஏஐ கருவியின் பேச்சை எவ்வளவு நம்பலாம்

சாட்ஜிபிடி 'நான்தான் எழுதினேன்' என்று சொன்னதை உங்கள் கோப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். தான் யார் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தோம் என்று தேடிப் பார்க்கும் வசதி அதற்குக் கிடையாது. கேள்விக்குப் பொருத்தமாகத் தோன்றும் வாக்கியத்தை அது உற்பத்தி செய்கிறது, அவ்வளவுதான். உங்கள் சொந்த முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து ஒரு பத்தியை ஒட்டிக் கேட்டுப் பாருங்கள், அதற்கும் உரிமை கொண்டாடக்கூடும். 2023 மே மாதம் டெக்சஸில் ஒரு ஆசிரியர் இதே வழியில் ஒரு வகுப்பையே சந்தேகித்து, மாணவர்களின் பட்டமளிப்பு நேரத்தில் பெரிய சர்ச்சையானது.

பிரத்யேகக் கண்டறியும் கருவிகள் இதைவிட மேல். ஆனால் அவை தருவதும் நிகழ்தகவு மட்டுமே. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தைத் தவறாக மாட்டிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். டர்னிட்டின் 2023 ஏப்ரலில் தன் கருவியைக் கொண்டுவந்தபோது, பொய்யாக மாட்டுவது 1 சதவீதத்துக்கும் குறைவு என்றது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அந்தக் கணக்கைத் தன் எண்ணிக்கையில் போட்டுப் பார்த்தது. 2022இல் தாங்கள் அனுப்பிய 75,000 கட்டுரைகளில் சுமார் 750 தவறாகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் என்று தெரிந்ததும், 2023 ஆகஸ்டில் கருவியை அணைத்துவிட்டது. நீங்கள் புள்ளியியல் ஆசிரியை. இந்தக் கணக்கை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 118 பேர், ஆளுக்கு 6 சமர்ப்பிப்பு என்றால் 708. அத்தனையும் நேர்மையாக எழுதியவை என்றே வைத்துக்கொண்டாலும், 1 சதவீதப் பிழையில் 7 கட்டுரைகள் மாட்டும்.

பிழை எல்லோர் மேலும் சமமாக விழுவதும் இல்லை. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை 7 கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதம் 'ஏஐ எழுதியது' என்று வந்தது. சொல்வளம் குறைவாக, வாக்கிய அமைப்பு நேராக இருந்தால் கருவிக்கு அது இயந்திர எழுத்தாகத் தெரிகிறது. உங்கள் 9 பேரில் எத்தனை பேர் இரண்டாம் மொழியில் எழுதுகிறவர்கள் என்று பாருங்கள்.

அப்படியானால் ஏஐ எழுத்தைப் பிடிக்கவே முடியாதா? முடியும், வேறு தடயங்களால். மேற்கோள் காட்டிய நூல்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இல்லாத கட்டுரை, உண்மையான ஆசிரியர் பெயரோடு ஒட்டிய பொய்த் தலைப்பு, வேறெங்கோ திறக்கும் டிஓஐ எண் (ஆய்வுக் கட்டுரையின் இணைய அடையாள எண்) ஆகியவை இருந்தால் எந்தச் சதவீதமும் தேவையில்லை. இல்லாத மூலத்தைக் காட்டியதே ஒரு முறைகேடு, அதை ஏஐ செய்ததா கை செய்ததா என்று நிரூபிக்க வேண்டியதுகூட இல்லை. பிறகு வரைவு வரலாறு. கூகுள் டாக்ஸிலோ வேர்டிலோ எழுதியிருந்தால் பதிப்பு வரலாற்றைக் காட்டச் சொல்லுங்கள். 2000 சொற்களும் ஒரே நொடியில் வந்து விழுந்திருந்தால் கேள்வி கேட்கலாம். கேள்விதான், வேறு கோப்பில் எழுதி இங்கே ஒட்டுகிறவர்கள் நிறையப் பேர். வேர்டு கோப்பின் பண்புகளில் காட்டும் திருத்த நேரத்தையும் இதே ஜாக்கிரதையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: கட்டுரைகளை இலவசத் தளங்கள் சிலவற்றில் ஏற்றிப் பார்த்ததாக. அதை உடனே நிறுத்துங்கள். மாணவரின் பெயரும் பதிவு எண்ணும் உள்ள கோப்பை உங்கள் நிறுவனம் ஒப்பந்தம் போடாத தளத்துக்கு அனுப்புவது பல நாடுகளில் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் சிக்கல். இன்னும் மோசமாக, அப்படிப்பட்ட தளம் அதைச் சேமித்து எங்காவது வெளியிட்டால், அடுத்த முறை சரிபார்க்கும்போது அந்த மாணவர் தன் கட்டுரையையே திருடியதாக அறிக்கை வரும்.

ஒன்பது பேரில் ஒருவர், தன் தாய்மொழியில் எழுதி இயந்திரத்தால் மொழிபெயர்த்துச் சமர்ப்பித்ததாகத் தானாகவே சொல்லியிருக்கிறார் என்கிறீர்கள். தாய்மொழி வரைவைக் கேட்டு வாங்குங்கள். இருந்தால், சிந்தனை அவருடையது. மொழிப் பாடமாக இருந்தால் அது முறைகேடு. இது புள்ளியியல் பாடம், மொழிபெயர்ப்புக் கருவி கூடாது என்று நீங்கள் எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. சொல்லாத விதியை மீறியதாக யாரையும் தண்டிக்க முடியாது. வேறொருவர் எழுதியதை மொழிமாற்றித் தன்னுடையதாகக் கொடுப்பதுதான் எழுத்துத் திருட்டு. அதைப் பெரும்பாலான ஒப்புமை அறிக்கைகள் பார்க்காமலே விட்டுவிடும் என்பது வேறு கதை.

எக்செல் கோப்பு, வெளிநாட்டு லாகின், பெயரில்லா மின்னஞ்சல்

உங்களிடம் இருப்பதிலேயே வலுவான ஆதாரம் அந்த இரண்டு எக்செல் கோப்புகள்தான். சரியான விடை எல்லோருக்கும் ஒன்றுபோல் வரும். தவறான விடை ஆளுக்கொரு விதமாகத்தான் வர வேண்டும். இருவருமே அதே வரிசையை விட்டுவிட்டு, அதே சூத்திரத்தில் அதே எல்லையைத் தவறாகக் கொடுத்து, அதே தசமப் பிழையோடு முடித்திருந்தால் அது தற்செயல் இல்லை. கோப்பின் பண்புகளில் உருவாக்கியவர் பெயர், கடைசியாகச் சேமித்தவர் பெயர், தேதி ஆகியவற்றைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே கணினியை இருவர் பயன்படுத்தியிருக்கலாம். ஏற்கெனவே வேறொருவர் பயன்படுத்திய கணினியாக இருக்கலாம். நீங்களே கொடுத்த மாதிரிக் கோப்பில் இருவரும் வேலை செய்திருந்தால் உங்கள் பெயர்கூட இருக்கும். யார் கொடுத்தவர், யார் எடுத்தவர் என்பது கோப்பிலிருந்து தெரியாது. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவருக்குத் தெரியாமலே அவர் கோப்பு போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அறிவுறுத்தலில் 'கலந்து பேசலாம்' என்று எழுதியிருக்கிறீர்களா, எதுவரை என்று வரையறுத்தீர்களா என்பதையும் சரிபாருங்கள். கலந்து பேசச் சொல்லிவிட்டுக் கோடு போடாமல் விட்டிருந்தால், முறைகேட்டை விசாரிக்கும் குழு அதை மாணவர்களுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளும்.

வெளிநாட்டு லாகின் தோற்றத்தில் பெரிது, தனியாக நின்றால் மெலிது. இணைய இணைப்பை வேறு இடம் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் போட்டிருந்தாலே ஐபி முகவரி (இணைப்பின் அடையாள எண்) வேறு நாட்டைக் காட்டக்கூடும். அதேபோல் ஒரே விடுதியில் இருக்கும் 50 பேருக்கு ஒரே முகவரி வரலாம், அதனால் 'ஒரே ஐபி' என்பதும் கூட்டுச்சதிக்கு ஆதாரமல்ல. சேர்த்துப் பார்க்க வேண்டியவை வேறு: அதே கணக்கு ஒரே நேரத்தில் இரண்டு தூர இடங்களில் திறந்திருந்ததா? பாடம் நெடுகிலும் ஓர் இடத்திலிருந்து வந்தவர் தேர்வு நாளில் மட்டும் மாறினாரா? யோசித்து எழுத வேண்டிய கேள்விகளுக்கு 30, 40 நொடியில் பதில் போயிருக்கிறதா? அடையாள அட்டைப் படமும் கேமராவில் தெரிந்த முகமும் ஒன்றா? பாடத்தளப் பதிவில் 'பக்கத்தை விட்டு வெளியேறினார்' என்று காட்டுவதை மட்டும் ஆதாரமாக எழுதிவிடாதீர்கள். கேன்வாஸ் என்ற பாடத்தளம் தன் வினாடிவினாப் பதிவுகளைப் பற்றி, இவை காப்பியடித்ததைக் கண்டுபிடிப்பதற்கானவை அல்ல என்று தன் வழிகாட்டியிலேயே சொல்கிறது.

பெயரில்லா மின்னஞ்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூலிக்கு அசைன்மென்ட் எழுதித்தரும் தொழிலுக்கு 2006இல் ராபர்ட் கிளார்க், தாமஸ் லங்காஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 'கான்ட்ராக்ட் சீட்டிங்' என்று தனிப்பெயர் வைத்தார்கள். அப்போதே அது பெரிய சந்தை. ஆஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் இந்தச் சேவையை விற்பதைச் சட்டப்படி குற்றமாக்கின. அந்தச் சட்டங்களின் குறி விற்பவர். மாணவரைக் கவனிப்பது பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு விதி. இந்தத் தொழிலில் இரண்டாவது வருமானம் ஒன்று உண்டு: மிரட்டல். வேலை முடிந்தபின் 'இன்னும் கொடு, இல்லையென்றால் உன் ஆசிரியருக்குச் சொல்லிவிடுவேன்' என்பார்கள். மாணவர் மறுத்தால் நீங்கள் பெற்றது போன்ற மடல் வரும். எனவே அது உண்மையாகவும் இருக்கலாம், பணம் பறிக்கும் முயற்சியின் கடைசிக் கட்டமாகவும் இருக்கலாம், பெரும்பாலும் இரண்டும்தான். பதில் எழுதாதீர்கள். இணைப்புகளைத் திறக்காதீர்கள். மடலை அழிக்காமல், முழுத் தலைப்பு விவரங்களோடு குழுவிடம் ஒப்படையுங்கள். அந்த மாணவரிடம் பேசும்போது 'உங்களை யாராவது மிரட்டுகிறார்களா?' என்ற கேள்வியையும் கேளுங்கள். அதற்கு அவர் 'ஆம்' என்றால், முறைகேட்டு விசாரணை ஒரு பக்கம் நடக்கட்டும். மாணவர் ஆலோசனைப் பிரிவுக்கும், தேவைப்பட்டால் காவல் துறைக்கும் போக வழி காட்ட வேண்டியது நிறுவனத்தின் கடமை.

மாணவரை அழைத்துப் பேசும்போது

சல்லடைக்குப் பின் மிஞ்சும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக 15, 20 நிமிடம் பேசுங்கள். சில நாள் முன்பே எழுத்தில் அழைப்பு அனுப்பி, எந்தச் சமர்ப்பிப்பைப் பற்றி, என்ன ஐயம், அறிக்கையின் நகல், உடன் ஒருவரை அழைத்து வரும் உரிமை ஆகிய நான்கையும் அதில் சொல்லுங்கள். நீங்கள் தனியாக உட்காராதீர்கள். பாடம் தெரிந்த இன்னொரு ஆசிரியர் குறிப்பெடுக்கட்டும். பதிவு செய்வதானால் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள்.

'நீங்கள்தான் எழுதினீர்களா?' என்று தொடங்கினால் 'ஆமாம் மேடம்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எழுதியவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடியதைக் கேளுங்கள். இந்தத் தரவிலிருந்து 3 வரிசைகளை நீக்கியிருக்கிறீர்களே, ஏன்? இங்கே டி-சோதனை எடுத்தது எதனால், வேறு எதையாவது யோசித்தீர்களா? இந்த நாலாவது நூலில் நீங்கள் எடுத்துக்கொண்ட கருத்து என்ன? எழுத ஆரம்பித்தபோது வைத்திருந்த திட்டத்தில் எதை மாற்றினீர்கள்?

மூன்று வாரம் ஆனபின் ஒரு எண்ணை மறப்பது இயல்பு. பதற்றத்தில் நாக்கு குழறுவதும் இயல்பு, அதை மறந்துவிடாதீர்கள். ஆனால் தன் கட்டுரையின் நடுநாயகமான சொல்லுக்கே பொருள் தெரியாமல் ஒருவர் விழித்தால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாணவர் எந்த மொழியில் நன்றாக விளக்குவாரோ அந்த மொழியில் விளக்கவிடுங்கள். சோதிப்பது அவருடைய ஆங்கிலத்தை அல்ல.

பேச்சு முடிந்ததும் தீர்ப்பு சொல்லாதீர்கள். குறிப்பை அவருக்கும் ஒரு நகல் அனுப்பி, விடுபட்டதைச் சேர்க்க அவகாசம் கொடுங்கள். ஐயம் தீர்ந்துவிட்டால் அதையும் எழுத்தில் சொல்லி முடித்துவையுங்கள். தீராவிட்டால் கோப்பு குழுவுக்குப் போகட்டும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்பது 'நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்ற அளவு நிரூபணம்தான், குற்றவியல் நீதிமன்றத்தின் அளவு அல்ல. அதற்காக ஒற்றைச் சதவீதம் போதும் என்று பொருளில்லை. தண்டனை பெரிதாகப் பெரிதாக, ஒன்றையொன்று தாங்கும் இரண்டு மூன்று ஆதாரங்களைக் குழு எதிர்பார்க்கும்.

துறைத்தலைவர் சொல்லும் குறுக்குவழி

அவர் சொல்வது கருணையாகத் தெரியும், அப்படியல்ல. மார்க்கை ஓசையில்லாமல் குறைத்தால் மாணவருக்கு என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாது, மறுத்துப் பேச இடமில்லை, மேல்முறையீட்டுக்கும் வழியில்லை. குற்றமற்றவருக்கு அது அநியாயம். குற்றம் செய்தவருக்கோ சலுகை: பதிவு எதுவும் இல்லாததால் அடுத்த பாடத்திலும் இதையே செய்வார், அங்கே அவர் 'முதல் முறை' மாணவர். நாளை யாராவது விடைத்தாளைத் திறந்து 'இந்த 10 எங்கே போனது?' என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான், துறைத்தலைவர் அல்ல.

மதிப்பெண் வேறு, தண்டனை வேறு. நூற்பட்டியலுக்கு 10 மார்க் என்று மதிப்பீட்டு அட்டவணையில் இருந்து, நூல்கள் போலி என்றால் அதற்குப் பூஜ்யம் போடுவது உங்கள் அதிகாரத்துக்குள் வருவது. முறைகேட்டுக்காகக் கழிப்பது குழுவின் அதிகாரம். துறைத்தலைவரிடம் வாதாட வேண்டாம். 'நடைமுறைப்படி இந்தக் கோப்புகளை அனுப்புகிறேன்' என்று ஒரு வரி மின்னஞ்சல் போதும். உங்கள் நிறுவனத்தில் சிறு தவறுகளுக்கு ஆசிரியர் மட்டத்திலேயே எச்சரித்துத் திரும்ப எழுத வைக்கும் வழி இருக்கிறதா என்று விதிமுறையைப் பாருங்கள். இருந்தால், மேற்கோள் காட்டத் தெரியாதவர்களை அதில் முடித்துவிடலாம்.

அடுத்த பருவத்தில்

கேமராக் கண்காணிப்பு மென்பொருள் வாங்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சிபாரிசு செய்யமாட்டேன். கண்ணைத் திருப்பியதற்கெல்லாம் கொடி காட்டும். யாராவது உட்கார்ந்து அத்தனை கொடியையும் பார்க்க வேண்டும். சட்டச் சிக்கலும் உண்டு: தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியல் சட்ட உரிமைக்கு எதிரானது என்று 2022 ஆகஸ்டில் ஒஹாயோவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. கேள்விக்குள் வெள்ளை எழுத்தில் பொறி வைப்பதும் வேண்டாம். பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் அதை உரக்கப் படித்துவிடும், அவர்தான் முதலில் மாட்டுவார்.

உங்கள் பாடத்துக்குப் பலனளிப்பது தரவை ஆளுக்கு ஆள் மாற்றுவது. 500 வரிசையுள்ள ஒரு கோப்பைக் கொடுத்து, பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் எதுவோ அந்த வரிசையிலிருந்து 200 வரிசைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சராசரியே ஆளுக்கொன்று வரும். அடுத்தவர் விடை உதவாது. திருத்துவதற்கு ஒரு எக்செல் சூத்திரம் போதும். இறுதிக் கட்டுரையை ஒரே மூச்சில் கேட்காமல் தலைப்பு, அரைப் பக்கத் திட்டம், முதல் வரைவு, இறுதி வடிவம் என்று நான்கு தவணையாக வாங்குங்கள். வாய்மொழிக் கேள்வி வைக்க 118 பேருக்கு ஆளுக்கு 5 நிமிடம் என்றால் ஏறத்தாழ 10 மணி நேரம். அது முடியாதென்றால் குலுக்கல் முறையில் 18 பேருக்கு 10 நிமிடம், மொத்தம் 3 மணி நேரம். யார் பெயர் வரும் என்று தெரியாததுதான் அதன் பலம். அதைப் பாடத்தின் முதல் நாளே அறிவித்துவிடுங்கள். ஏஐ விதியையும் அன்றே எழுத்தில் கொடுங்கள்: எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குச் சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம், எதற்கு அறவே கூடாது என்று ஒவ்வோர் அசைன்மென்டுக்கும் தனித்தனியாக.

கடைசியாக, 64 வந்த அந்த மாணவி. 'நான் முன்னாடி போட்ட டிராஃப்ட்தான் மேடம் அது' என்று அழுதுகொண்டே சொன்னதாகவும், நீங்கள் நம்பவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அறிக்கையில் முதலிடத்தில் உள்ள மூலத்தைச் சொடுக்கிப் பாருங்கள். 'மாணவர் கட்டுரை' என்று உங்கள் நிறுவனத்தின் பெயரோடு, சில நாள் முந்தைய தேதியில் இருந்தால், அவர் சொன்னது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வரைவைச் சமர்ப்பிக்கும்போது ஒப்புமை மென்பொருளின் களஞ்சியத்தில் சேமிக்கும்படி அமைப்பு இருந்தால் இறுதி வடிவம் அதோடு ஒத்துத்தான் போகும். அந்த மூலத்தை விலக்கிவிட்டு எண்ணைத் திரும்ப எடுங்கள். மிச்சம் ஒன்றுமில்லை என்றால், தொலைபேசியில் சொன்னதை எழுத்தில் திரும்பப் பெறுங்கள்: 'நான் சொன்னது தவறு, உங்கள் கட்டுரையில் எந்த முறைகேடும் இல்லை, மதிப்பெண் வழக்கம்போல் வெளியாகும்.' அந்த மூன்று வரியை இன்றே அனுப்பிவிடுங்கள். வரைவுகளுக்கான சமர்ப்பிப்புப் பெட்டியில் அமைப்பைக் கையோடு 'சேமிக்க வேண்டாம்' என்ற தேர்வுக்கு மாற்றிவிடுங்கள்.